மூலப்படம்

கௌசல்யா பையிலிருந்து எடுத்து நீட்டிய படத்தைப் பார்த்ததும் டாக்டர் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. கறுப்பு பிலிமில் எடுத்த பழைய எம்.ஆர்.ஐ. படம். அந்த மாதிரிப் படத்தைக் கையால் தொட்டே பல வருடம் ஆகியிருந்தது. பின்னால் விளக்கெரிய மாட்டிப் பார்க்கிற பெட்டிகூட இப்போது ஆஸ்பத்திரியில் கிடையாது. எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"இது யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது டாக்டரம்மா. ரூபன்னு பேரு. போன வருஷம் நீங்கதான் பாத்தீங்க. ஒண்ணுமில்ல, சுத்தம்னு சொல்லி அனுப்புனீங்க."

இடது பொட்டுக்கு உள்பக்கம், மூளையின் மடிப்புக்குள், இலந்தைப் பழம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திரட்சி. புத்தகத்தில் படித்துவிட்டு, வேலையில் ஒருமுறைகூடப் பார்க்காமலே பலர் ஓய்வு பெற்றுவிடும் அளவுக்கு அபூர்வமான கட்டி. மெதுவாக வளரும். வலிக்காது.

டாக்டர் காட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கௌசல்யா கதையைச் சொன்னாள். ரூபன் துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவன். சிரித்துப் பேசுகிற ஆள்தான். ஒரு கட்டத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் கொக்கியைத் தளர்த்தி வைக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். பிறகு தன் போனை யாரோ கேட்கிறார்கள் என்றான். பிறகு கௌசல்யாவின் முறை வந்தது. சோற்றைப் பிசைந்து அவள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் அவன் தட்டைத் தொடுவான்.

"கம்பெனியிலயே இங்க அனுப்பி வெச்சாங்க. நீங்க சுத்தம்னு குடுத்துட்டீங்க. அப்ப இது வியாதி இல்ல, திமிருன்னு சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. எங்கண்ணன் வந்து, வியாதின்னா பொறுத்துக்கலாம், குணமே இப்படின்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. பிள்ளைய கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டேன்." அவள் நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "போன வாரம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல வலிப்பு வந்து விழுந்துட்டாரு. யாரோ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அங்க பழைய மிஷின்தான் இருக்கு. அதுல எடுத்ததுதான் இது."

மங்கை பிலிமை மேசைமேல் வைத்தாள்.

"அப்ப அவரு குணம் இல்லையா டாக்டரம்மா அது? கட்டியா?"

"அவர உடனே இங்க கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் மங்கை சொன்னாள். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் இருந்த கருவிக்குப் பளிங்கு என்று பெயர். மண்டையைத் திறக்காமல், ஊசி குத்தாமல், மூளையின் செல் கூட்டங்களைத் தனித்தனியாகப் படம்பிடிக்கும். அவ்வளவு நுணுக்கமான படத்தை மனிதக் கண்ணால் பார்த்து முடிக்க ஆயுள் போதாது. அதனால் பளிங்கே பார்த்துவிடும். நோயில்லாத மூளை எப்படி இருக்கும் என்பதற்கு அதனிடம் ஒரு மூலப்படம் இருந்தது. வந்தவரின் மூளையை அதனுடன் ஒப்பிட்டு, ஒத்துப்போகிறதையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் வித்தியாசத்தை மட்டும் சிவப்பில் காட்டும். சிவப்பு இல்லையென்றால் சுத்தம். பெயரே வாயில் நுழையாத அபூர்வக் கட்டிகளை அது கடுகளவில் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதனால் பிழைத்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். நாளடைவில் இன்சூரன்ஸ்காரர்கள், தொழிற்சாலைகள், லைசென்ஸ் கொடுப்பவர்கள், கடைசியில் கல்யாணத் தரகர்கள்கூட "பளிங்கு பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மூலப்படத்தின் பொது வடிவம் பல பேரிடமிருந்து எடுத்துச் சேர்த்தது. ஆனால் அதன் மிக நுண்ணிய இழை ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. கருவி வந்த புதிதில் அந்த அளவு படம் எடுக்க ஒரு பகல் முழுக்க ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் இருமினார்கள், தும்மினார்கள், தூங்கிப்போய்ப் புரண்டார்கள். கடைசியில் ஸ்கேன் பிரிவின் டாக்டரே போய்ப் படுத்தாள். முடிந்து எழுந்து வந்தபோது அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். மங்கையின் மூளைப்படம் இன்றும் வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது.

கௌசல்யா போனதும் மங்கை ரூபனின் போன வருடத்துப் பளிங்குப் படத்தைத் திரையில் எடுத்தாள். எங்கும் சிவப்பு இல்லை. கீழே அவளுடைய கையெழுத்து. முதலில் தஞ்சாவூர் மிஷின்மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகு, வலிப்பு வந்தது நிஜம்தானே என்று தோன்றியது. கழிப்பதற்கு முந்தைய அசல் படத்தைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். அது கிளமென்டின் பொறுப்பில் இருந்தது.

கிளமென்ட் பளிங்கின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிற விஞ்ஞானி. படிக்கிற காலத்திலேயே அவளிடம் பயிற்சிக்கு வந்து, அங்கேயே வேலையில் சேர்ந்தவன். கேட்டால் கேட்ட இடத்தில் எடுத்துத் தருகிறவன். அன்றைக்கு அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அசல் படமெல்லாம் பழைய சர்வர்ல இருக்கு மேடம். எடுக்க கொஞ்சம் நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

"பாத்து சொல்றேன்."

பொய் சொல்கிறான் என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். அவன் டைரக்டர் அறைக்கு அடிக்கடி போனான். ஒருநாள் கதவைத் தட்டாமல் அவன் அறைக்குள் போனபோது திரையில் அவளுடைய பெயர் இருந்தது. சட்டென்று மூடிவிட்டு, "வாங்க மேடம்" என்று எழுந்து நின்றான். இரண்டு நாள் கழித்து வார்டு சிஸ்டர் லிஃப்டில் வைத்து, "உங்களுக்குத் தலைவலி ஏதும் இருக்கான்னு கிளமென்ட் சார் கேட்டாரு. உடம்பு சரியில்லையா டாக்டர்?" என்றாள். மங்கை சிரித்து மழுப்பினாள். அன்றே தன் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாள்.

அவளுக்கு விஷயம் ஒரு மாதிரி பிடிபட்டது. பளிங்கு தப்பு செய்திருக்கிறது. கருவி தயாரித்த கம்பெனி கிளமென்டை வளைத்துப் போட்டிருக்கிறது. பழியைக் கையெழுத்துப் போட்ட டாக்டர்மேல் கட்டிவிட வேண்டும். அதற்கு டாக்டருக்கு உடம்பு சரியில்லை, கவனம் சிதறிவிட்டது என்று காட்டினால் போதும்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் பரணிதரன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"கிளமென்ட் பேசினான்."

"உங்ககிட்டயா? எதுக்கு?"

"சும்மாதான். நீ எப்படி இருக்கேன்னு கேட்டான்."

"என்னைப் பத்தி கேக்கணும்னா என்னைத்தானே கேக்கணும்?"

"உன்னைக் கேக்க முடியுதா மங்கை?" என்றான் பரணி. சொன்னதும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அந்தக் குனிந்த தலையை அவள் வெகுநேரம் பார்த்தாள். இவனும் சேர்த்திதான் என்று முடிவு செய்தாள். கொஞ்ச மாதம் முன்பு, வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பவுனை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. பவுன் அலமாரியைத் திறந்து பார்க்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டை மற்ற டாக்டர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டதற்கும் காரணம் இருந்தது. அவள் போய் உட்கார்ந்ததும் பேச்சை மாற்றினார்கள். எதையும் காரணமில்லாமல் செய்கிறவள் இல்லை அவள்.

ரூபனை வார்டில் சேர்த்த அன்று மதியம் அவள் நேராகக் கிளமென்டின் அறைக்குப் போனாள். அவன் டீ வரவழைத்து அவள் பக்கம் தள்ளி வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"ரூபனோட அசல் படத்தை அழிச்சிட்டியா?"

"இல்ல மேடம்."

"அப்ப காட்டு."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான். மடிப்புக்குள் அந்தத் திரட்சி இருந்தது. போன வருடமே இருந்திருக்கிறது. தெளிவாக, மறுக்க முடியாமல்.

"இதைப் பளிங்கு எப்படிப் பாக்காம விட்டுச்சு?"

"பாக்காம விடல மேடம். பாத்துச்சு. அது அங்க இருக்க வேண்டியதுதான்னு நினைச்சுக் கழிச்சிடுச்சு."

"இருக்க வேண்டியதா? கட்டியா?"

"மூலப்படத்துலயும் அதே இடத்துல அது இருக்கு."

மூலப்படம் யாருடையது என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அது ரொம்பச் சின்னது" என்றான் கிளமென்ட். "லேசா இழை தடிச்ச மாதிரி இருந்திருக்கு. அவ்வளவு நுணுக்கமா யாரும் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. ஒரு மனுஷனுக்கும் இன்னொரு மனுஷனுக்கும் உள்ள வித்தியாசம்னு விட்டுட்டாங்க. பளிங்கு அதைத்தான் சரின்னு கத்துக்கிச்சு. மத்த கட்டி எல்லாத்தையும் பிடிக்குது. இந்த ஒரே வகையை மட்டும், இந்த இடத்துல வந்தா, கழிச்சிடுது."

"உனக்கு எப்ப தெரியும்?"

"ரூபனுக்கு முன்னாடி, நாம சுத்தம்னு அனுப்பின ஒரு அரியலூர் அம்மாவுக்கு வெளிய எடுத்த ஸ்கேன்ல தெரிஞ்சுது. ரெண்டு மாசமாச்சு."

"ரெண்டு மாசமா எங்கிட்ட சொல்லல."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம். வெளிய ஒரு ஸ்கேன் எடுக்க வைக்கலாம்னு சார்கிட்ட பேசினேன், உங்க வீட்ல பேசினேன். யார் சொன்னாலும் நீங்க..." அவன் ஆறிக்கொண்டிருந்த கோப்பையைப் பார்த்தான். "நான் குடுத்தா டீகூட குடிக்க மாட்டேங்கறீங்க. அந்த இடத்துல கட்டி வந்தா முதல்ல என்ன மாறும்னு உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். பயத்தையும் நம்பிக்கையையும் பார்த்துக்கொள்கிற பகுதி அது. அவள் எழுந்து வெளியே வந்தாள். படியிறங்கும்போதே பதில் தயாராகிவிட்டது. அவன் காட்டியதை எப்படி நம்புவது? அவன் கையில் இருக்கிற கம்ப்யூட்டரில் எந்தப் படத்தையும் எதோடும் ஒட்டலாம்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனாள். காரில் போனால் டிரைவருக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளாமல் சீட்டு வாங்கி, மரப்பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் சட்டைப்பையில் வெற்றிலையைத் தடவிப் பார்ப்பதும், சுவரில் 'துப்பாதீர்' என்ற எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கையை எடுப்பதுமாக இருந்தார். பழைய கருவி கடகடவென்று தட்டி ஓசை எழுப்பியது. அவள் வழக்கம்போல அசையாமல் கிடந்தாள்.

பிலிமை வாங்கிக்கொண்டு வராந்தா ஓரம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். ரூபனுடையதைவிடச் சின்னது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். இடம் அதே இடம்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை. கிளமென்ட் இவர்களுக்கும் போன் பண்ணியிருப்பான் என்ற நினைப்புதான் வந்தது. வந்த வேகத்தையும், அது எவ்வளவு நியாயமாக இருந்தது என்பதையும் அவள் கவனித்தாள். தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவது தனக்கே காலையில்தான் தெரியும். இருந்தும் அந்த நினைப்பு போகவில்லை. திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பவுன் அலமாரியைத் திறந்தாளா? துணி மடித்து வைக்கத்தானே திறந்திருப்பாள்? டாக்டர்கள் பேச்சை மாற்றினார்களா, இல்லை பேசி முடித்தார்களா? ஆனால் கிளமென்ட் மறைக்கிறான் என்று நினைத்தாள், அவன் மறைக்கத்தான் செய்தான். எது தன் புத்தி, எது கட்டியின் வேலை என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தால், பார்க்கிறதும் அதே மூளைதான். அந்த வராந்தாவில் அவள் சத்தமில்லாமல் அழுதாள். வெற்றிலைக் கிழவர் ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

டைரக்டர் சோமசேகர் அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கிளமென்டும் உடன் இருந்தான். அவர் மென்மையான மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"முதல்ல உங்க உடம்பு மங்கை. நம்ம சர்ஜனே பண்ணட்டும். ஆரம்ப நிலைதான், நல்லா வந்துடுவீங்க. ரூபனுக்கும் நம்ம செலவுலயே பண்ணிடுவோம்."

"மத்தவங்க?"

"எந்த மத்தவங்க?"

"பளிங்கு கழிச்சு விட்டவங்க. நான் சுத்தம்னு கையெழுத்துப் போட்டவங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தனை வருஷத்துல எத்தனை ஆயிரம் பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. அதுல இந்தக் கட்டி எத்தனை பேருக்கு இருக்கும்? விரல் விட்டு எண்ணிடலாம். அவங்களுக்காக எல்லாரையும் கூப்பிட்டு உங்க ஸ்கேன் தப்புன்னு சொன்னா, நாளைக்கு எவன் பளிங்கை நம்புவான்? நம்பாம வராம இருந்துட்டா, எத்தனை பேர் வேற கட்டியில சாவாங்க? அதையும் யோசிங்க."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இடைஞ்சலாக இருந்தது.

"எல்லாரையும் கூப்பிட வேண்டாம் சார்" என்றான் கிளமென்ட். "மூலப்படத்துல அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டு, பழைய படங்களைத் திருப்பி ஓட்டினா போதும். யாருக்கு இருக்கோ அவங்க பேர் மட்டும் வரும்."

"அப்ப நான் வெளிய சொல்றேன்" என்றாள் மங்கை. "நீங்க கூப்பிடலன்னா நானே சொல்றேன்."

சோமசேகர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "என்னன்னு சொல்லுவீங்க? கருவி தப்பு, கூட இருக்கிறவங்க மறைக்கிறாங்கன்னா? உங்களுக்கு வந்திருக்கிற கட்டி என்ன பண்ணும்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன் மங்கை. ஆனா கேப்பாங்க."

உண்மையைக் கண்டுபிடித்தவளின் வாயை அந்த உண்மையே பொத்திவிட்டது.

"சரி, ஓட்டிப் பாருங்க" என்று கடைசியில் அவரே இறங்கி வந்தார். "பேர் வரட்டும். அவங்கள ஆஸ்பத்திரியே கூப்பிடும். என் வாக்கு."

மூலப்படத்தைத் திறக்க அவளுடைய கைரேகை வேண்டும். கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் அதைத் தொட முடியாதபடி ஆரம்பத்திலேயே பூட்டியிருந்தார்கள். கிளமென்ட் ரேகை வைக்கிற கண்ணாடியை அவள் முன்னால் நகர்த்தினான். மங்கை கையை எடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். திறந்துவிட்டால் இவன் அசலையே அழித்துவிடலாம். பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. டைரக்டர் சுலபமாக ஒத்துக்கொண்டதும் அதற்காகத்தான். ஒவ்வொன்றும் கச்சிதமாகப் பொருந்தியது. ரூபனுக்கும் கொக்கியும் போனும் இப்படித்தான் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னால உன்னை நம்ப முடியல கிளமென்ட்" என்றாள்.

"தெரியும் மேடம்."

"முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். வரல. நம்பாமலேதான் குடுக்கறேன். தெரிஞ்சுக்க."

கட்டைவிரலை வைத்தாள். கிளமென்ட் தலையாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அதையும் அவள் நடிப்பு என்றே நினைத்தாள்.

ரூபனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சில நாள் கழித்து மங்கை வார்டுக்குப் போனபோது அவன் தலையணையில் சாய்ந்து ஆரஞ்சுச் சுளை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கும்பிட்டான். தான் பேசியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றும், ஏன் அப்படி நினைத்தோம் என்றுதான் புரியவில்லை என்றும் சொன்னான். கௌசல்யா கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள். மங்கை கிளம்பியதும் வாசல்வரை கூடவே வந்தாள்.

"இப்ப எப்படி இருக்காரு உங்ககிட்ட?"

"பழைய மாதிரி இருக்காரு. சிரிச்சுப் பேசறாரு. நான் குடுக்கறதை அப்படியே வாங்கிச் சாப்பிடறாரு." கௌசல்யா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "அவரு சிரிச்சா, எதுக்குச் சிரிக்கறாருன்னு இருக்கு. போனை எடுத்தா யாருக்கு பேசறாருன்னு இருக்கு. அவருக்குப் போயிடுச்சு டாக்டரம்மா. எனக்கு வந்துடுச்சு. எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கறீங்களா?"

மங்கை எடுத்துப் பார்த்தாள். பளிங்கிலும் இல்லை, பழைய எம்.ஆர்.ஐ.யிலும் இல்லை. கௌசல்யாவின் மூளையில் வெட்டி எடுக்கும்படி எதுவுமே இல்லை.

மறுவாரம் மங்கைக்கு ஆபரேஷன். உள்ளே போகிறவரை பரணியின் கையை அவள் பிடிக்கவில்லை. வெளியே வந்து கண் விழித்தபோது பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஓய்வாக இருந்த நாட்கள் நன்றாக இருந்தன. உடம்பில் எங்கோ பல வருடமாக இறுக்கி வைத்திருந்த ஒன்று தளர்ந்த மாதிரி இருந்தது. பரணி வைத்த ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். பவுனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாள். பவுன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், வேறு வீட்டில் சேர்ந்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் முகமெல்லாம் நல்ல முகமாகத் தெரிந்தது. ஒரு பொருள் விற்க வந்தவன் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பி வாங்கி வைத்தாள். பரணி அதைப் பார்த்துச் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டான்.

சோமசேகர் பழங்களோடு பார்க்க வந்தார். பழைய படங்களை ஓட்டிப் பார்த்ததில் முப்பது பேருக்கு மேல் பெயர் வந்தது என்றும், எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது, பாதிப் பேர் வந்து பார்த்துக்கொண்டும் போய்விட்டார்கள் என்றும் சொன்னார். "நீங்க கவலைப்படாம ரெஸ்ட் எடுங்க" என்று தோளைத் தட்டினார். மங்கைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

மறுநாள் கிளமென்ட் வந்தான். அவனுக்குக் காபி கொடுத்தாள். தானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சார் வந்துட்டுப் போனார். எல்லாரையும் கூப்பிட்டாச்சுன்னு சொன்னார்."

கிளமென்ட் ஒரு வாய் குடித்தான்.

"அது உண்மையா கிளமென்ட்?"

"ஏன் மேடம், நம்பலையா?"

"முழுசா நம்பறேன். ஒரு துளி சந்தேகம் வரல. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "ஒருத்தரையும் கூப்பிடல மேடம். புது மூலப்படம் போட்டுட்டாங்க. இனிமே வர்றவங்களுக்குத் தப்பாது. பழையவங்க தானா வந்தா பாத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்கிட்ட வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மங்கை கோபப்பட முயன்றாள். சோமசேகரின் நல்ல முகம்தான் மனதில் வந்து நின்றது. இவன் சொல்வதையும் நம்ப முடிந்தது, அவர் சொன்னதையும் நம்ப முடிந்தது. இரண்டும் சேர்ந்து நிஜமாக இருக்க முடியாது என்பதை மட்டும் அறிவு எடுத்துச் சொன்னது. யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

"பேரும் நம்பரும் உங்கிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும் மேடம்."

"போகும்" என்று ஒத்துக்கொண்டாள். "முதல் பேர் சொல்லு."

அவன் போனைப் பார்த்துப் படித்தான். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், பெயர் மெர்லின். மங்கை எண்களை அழுத்திக் காதில் வைத்தாள். ஒரு ஆண்குரல் எடுத்தது. மெர்லின் இருக்கிறாளா என்று கேட்டாள்.

"அவ இங்க இல்லீங்க. பிரிஞ்சு போய் ஒரு வருஷம் ஆச்சு. நீங்க யாரு பேசறது?"

"எந்த ஊர்ல இருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். யாரையும் நம்ப மாட்டா, எங்கம்மாவையே திருடின்னு சொன்னவ. அவ குணம் அப்படி. டாக்டரே பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"போனை வைக்காதீங்க" என்றாள் மங்கை. "அதை எழுதிக் குடுத்த டாக்டர் நான்தான்."